மேட்டுநிலத்தில் ஒரு மறியல்

அன்று காலை டெல்ஃபினா சுல்காவுக்கு முதலில் உறுத்தியது, கேப்டன் தொடாமல் தள்ளி வைத்த ரொட்டிதான்.

பெரு நாட்டின் உயர்ந்த மலைநகரமான குஸ்கோவில் வந்து இறங்கிய அன்றே ஒரு தட்டு பன்றிப் பொரியலைத் தனியாளாகத் தின்று தீர்த்துவிட்டு, எலும்பையும் விடாமல் கடித்துக்கொண்டிருந்தவர் அவர். இப்போது விடுதியின் சாப்பாட்டு மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, எங்கோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேசைக்கும் வேனுக்கும் நாலு எட்டுதான். அதற்குள் ஒருமுறை நின்று, சுவரில் தொங்கிய படத்தைப் பார்ப்பதுபோல மூச்சு வாங்கிக்கொண்டார். படத்தில் பார்க்க ஒன்றுமில்லை.

"ராத்திரி தூக்கம் எப்படி கேப்டன்?"

"கட்டை மாதிரி தூங்கினேன்" என்றார் அவர். பக்கத்தில் நின்ற அவர் மனைவி எர்மெலிந்தா கைப்பையின் பித்தானை மூடித் திறந்து, மூடித் திறந்து நின்றாள்.

தெயோஃபிலோ அராஸ்குவே சிம்போட்டே துறைமுகத்தில் மீன்பிடிக் கப்பல் ஓட்டியவர். ஓய்வு பெற்றும் ஊரில் எல்லோருக்கும் கேப்டன்தான். கடற்கரையிலேயே பிறந்து கடலிலேயே நரைத்த அந்த மனிதர், சாவதற்குள் இன்கா மன்னர்களின் பழைய நகரமான மச்சு பிச்சுவைக் காட்டுகிறேன் என்று மனைவிக்குக் கல்யாணத்தன்று கொடுத்த வாக்கை இப்போதுதான் நிறைவேற்ற வந்திருந்தார். டெல்ஃபினா குஸ்கோக்காரி. சொந்த வேன் வைத்து, பயணிகளை இடிபாடுகளுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டுவது அவள் பிழைப்பு.

வந்த அன்று விமான நிலையத்து வாசலிலேயே அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லியிருந்தாள். "இன்னைக்கு ஒண்ணும் பண்ணாதீங்க. படுத்துக் கிடங்க. கோக்கா இலை போட்ட சுடுதண்ணி குடிங்க, சூப் குடிங்க, போதும். பீர் வேண்டாம், படி ஏற வேண்டாம். தெருவுல கை காட்டினா நிக்கிற டாக்ஸியில ஏறாதீங்க. என்னைக் கேட்டா இப்பவே நேரா பள்ளத்தாக்குக்குப் போயிடலாம். அது குஸ்கோவை விடத் தாழ்வு. அங்க ரெண்டு ராத்திரி தூங்கினா உடம்பு பழகிடும். அப்புறம் மேல வரலாம்."

கேப்டன் வாய்விட்டுச் சிரித்தார். "எர்மெலிந்தா, இந்தப் பொண்ணு என்னை வெள்ளைக்காரன்னு நினைச்சிட்டா. ஏம்மா, நானும் பெரு நாட்டுக்காரன்தான். இந்தப் பாட்டெல்லாம் கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு வர்றவனுக்குப் பாடு."

"மலைக்கு அதெல்லாம் தெரியாது கேப்டன். இங்க காத்து மெலிசு, யார் வந்தாலும் ஒரே அடிதான்."

"அலை அடிச்சே சாகாதவன் நான். உன் காத்து என்னை என்ன பண்ணும்?"

அன்று மாலையே சதுக்கத்தில் ஏதோ திருவிழாக் கூட்டம். கேப்டன் பீரும் குடித்தார், மனைவியை இழுத்துக்கொண்டு ஆடவும் ஆடினார். மறுநாள் கோட்டைச் சுவரைப் பார்க்கப் படியேறினார். பாதியில் உட்கார்ந்து, "வயசாயிடுச்சு" என்றார். இப்போது மூன்றாம் நாள். ரொட்டி அப்படியே கிடந்தது.

டெல்ஃபினாவின் மனசுக்குள் தராசு மேலும் கீழுமாக ஆடியது. மச்சு பிச்சுவுக்கு ரயில் பள்ளத்தாக்கிலிருந்து பிற்பகலில் கிளம்பும். நாளையிலிருந்து மேட்டுநிலத்து விவசாயிகள் சாலை மறியல் என்று வானொலி சொல்லிவிட்டது. இன்று போகாவிட்டால் ரயிலும் போச்சு, நுழைவுச் சீட்டும் போச்சு. இந்த மனிதருக்குத் தேவையான மருந்தும் அந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. கீழே போகப் போகத் தெளிந்துவிடுவார். ஆனால் அந்தச் சாலை கீழே இறங்குவதற்கு முன் குஸ்கோவைவிட உயரமாக ஏறும். மேட்டுநிலத்தைக் கடந்த பிறகுதான் இறக்கம். அவ்வளவு ஏறாமல் சுற்றிப் போகிற பிசாக் சாலையை மழையில் சரிந்த மண் மூடிக் கிடக்கிறது.

"கேப்டன், ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டுப் போயிடலாமா?"

"ரயிலைப் புடிக்கப் போறோமா, ஊசி போட்டுக்கப் போறோமா? கிளம்பு."

அவள் எர்மெலிந்தாவைப் பார்த்தாள். எர்மெலிந்தா தரையைப் பார்த்தாள். தராசு ஒரு பக்கம் தாழ்ந்தது. டெல்ஃபினா சாவியைத் திருப்பினாள்.

நகரத்தின் கடைசி வீடுகளைத் தாண்டி வேன் ஏறத் தொடங்கியபோது இருமல் ஆரம்பித்தது. முதலில் வறட்டு இருமல். கேப்டன் அதைத் தொண்டைக் கனைப்பாக மாற்றப் பார்த்தார். உருளைக்கிழங்கு வயல்கள் இரு பக்கமும் விரிந்து, தூரத்தில் பனிமலை தெரிந்த இடத்தில் டெல்ஃபினா வழக்கமாக வண்டியை நிறுத்திப் படம் எடுக்கச் சொல்வாள். இன்று நிறுத்தவில்லை. கண்ணாடியில் அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினாள். உதட்டின் நிறம் சரியில்லை. ஊதாச் சோளத்தைத் தின்றவர் உதடு மாதிரி இருந்தது.

ராக்சிபாம்பா என்ற சிற்றூரை நெருங்கும்போது முன்னால் கறுப்புப் புகை எழுந்தது. வளைவைத் திரும்பினாள். சாலையின் குறுக்கே இரண்டு யூக்கலிப்டஸ் மரங்கள், அவற்றின் மேல் பாறாங்கற்கள், நடுவில் எரியும் டயர்கள். ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். மறியல் ஒரு நாள் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அவள் வண்டியைத் திருப்பப் பார்த்தபோது, பின்னால் குஸ்கோ பக்கமிருந்து வந்த டாக்ஸிக்காரன் தலையை வெளியே நீட்டிக் கத்தினான். "திரும்பிப் போய்ப் பிரயோஜனம் இல்ல அக்கா! நகரத்து வாசலையும் அடைச்சுட்டாங்க. நடுவுல மாட்டிக்கிட்டோம்!"

நாட்டிலேயே கேப்டனுக்கு இப்போது ஆகாத இடம் ஒன்று உண்டென்றால் அது இந்த மேட்டுநிலம்தான். அங்கேயே, முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல், வண்டி நின்றது.

வண்டியிலிருந்த சின்ன ஆக்சிஜன் உருளையை எடுத்து, முகமூடியை அவர் மூக்கில் பொருத்தினாள். எர்மெலிந்தா அவர் வாயைத் துடைத்த கைக்குட்டையை மடிக்கப் போனாள். டெல்ஃபினா அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தாள். நுரை. வெள்ளை நுரையில்லை, லேசாக ரோஜா நிறம் ஓடிய நுரை.

"இது என்னம்மா?" என்று எர்மெலிந்தா கேட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது.

"நுரையீரல்ல தண்ணி கோத்துருக்கு. கீழ இறக்கணும். உடனே இறக்கணும்." உருளை எவ்வளவு நேரம் தாங்கும் என்று எர்மெலிந்தா கேட்கவில்லை. கேட்டிருந்தால் டெல்ஃபினாவால் பொய் சொல்லியிருக்க முடியாது.

அவள் இறங்கி மறியல்காரர்களை நோக்கி ஓடினாள். முன்னால் நின்றவன் தோள் அகன்ற ஒரு நடுவயதுக்காரன். பேர் சத்துர்நீனோ என்று பிறகு தெரிந்தது. அவள் சொல்லச் சொல்ல அவன் முகத்தில் சிரிப்பு பரவியது.

"நெஞ்சடைப்பா? போன மறியல்லயும் இப்படித்தான் ஒரு வேன் வந்துச்சு. உள்ள ஒரு அம்மா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டுக் கண்ணு சொருகிக் கெடந்தா. பாவம்னு விட்டோம். அந்த வளைவு திரும்பறதுக்குள்ள எழுந்து உக்காந்து எங்களுக்கு டாட்டா காட்டிட்டுப் போனா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, "இந்த வழிகாட்டிக வண்டியில ஏறுறவங்களுக்கு மட்டும் வியாதியெல்லாம் எங்க ஊர் எல்லையிலதான் வருது!" என்றாள்.

டெல்ஃபினா மலைமக்களின் கெச்சுவா மொழிக்கு மாறினாள். "அண்ணே, நான் பொய் சொல்லல. வந்து பாருங்க. ஒரு தடவை வந்து பாருங்க."

"இப்ப மட்டும் நம்ம பாஷை நாக்குல வருதோ? ஏர்போர்ட்டுல எந்தப் பாஷையில கூவுவே?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. அழுதால் அதுவும் நாடகம் என்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த ஏமாற்றுக்காரியின் வேனை ஓட்டியது யாரென்று அவளுக்குத் தெரியாது. தன்னோடு வழிகாட்டிகள் சங்கத்தில் உட்கார்ந்து டீ குடிக்கிறவர்களில் ஒருவராகத்தான் இருக்கும். அந்தக் கதையை யாராவது சொல்லக் கேட்டுத் தானும் சிரித்திருப்பாளோ என்னவோ.

கூட்டம் விலகி ஒரு பெண் வந்தாள். தலையில் உயர்ந்த வெள்ளைத் தொப்பி. கை கம்பளி நூலைத் திரித்தபடியே இருந்தது. மறியலுக்குத் தலைவி அவள்தான் என்பது மற்றவர்கள் வழிவிட்ட விதத்திலேயே தெரிந்தது. "என்ன சத்தம்?"

"அக்கா, வேன்ல ஒருத்தர் சாகக் கெடக்கிறார். கடற்கரை ஆளு. மேட்டுக்காத்து ஒத்துக்கல."

ஃபொர்துனாதா என்ற அந்தப் பெண் வேனை நோக்கி நடந்தாள். கதவைத் திறந்ததும் கேப்டன் தலையைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. அவள் தொப்பியைக் கழற்றி இருக்கையில் வைத்தாள். அவரை முன்னால் சாய்த்து, முதுகில் காதை வைத்துக் கேட்டாள். எர்மெலிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் காதையே பார்த்தாள்.

"உள்ள பானையில தண்ணி கொதிக்கிற மாதிரி இருக்கு" என்றாள் ஃபொர்துனாதா நிமிர்ந்து. பிறகு டெல்ஃபினாவிடம், "வண்டி போகாது" என்றாள்.

"அக்கா!"

"சொல்றதைக் கேளு தங்கச்சி. இந்த மரத்தை நகத்தினா பின்னாடி நிக்கிற அத்தனை வண்டியும் பாஞ்சு வரும். அப்புறம் அடைக்க முடியாது. எங்க ஊருக்கு ஒரு டாக்டர் வேணும்னு கேட்டுத்தான் இங்க நிக்கிறோம். ஆஸ்பத்திரின்னு ஒரு கட்டடம் கட்டிப் பூட்டு போட்டு வச்சிருக்காங்க. என் தங்கச்சி பிரசவத்துல இதே ரோட்டுலதான் உசுரை விட்டா. யாரு வண்டி குடுத்தா?" அவள் குரல் உயரவேயில்லை. "வண்டி போகாது. ஆள் போகட்டும். டேய் சத்துர்நீனோ, போர்வை கொண்டா. கனமானதா பாத்துக் கொண்டா."

கோடு போட்ட பெரிய கம்பளிப் போர்வை ஒன்று வந்தது. அதற்குப் பிறகு நடந்தவற்றை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. சத்துர்நீனோவும் இன்னும் ஐந்து பேரும் போர்வையின் விளிம்பைச் சுருட்டிப் பிடித்தார்கள். படுக்க வைத்தால் மூச்சு இன்னும் முட்டும் என்று டெல்ஃபினா கத்தினாள். "தெரியும், தெரியும்" என்றான் சத்துர்நீனோ. தலைப்பக்கத்தை உயர்த்தித் தன் தோளிலேயே சாய்த்துக்கொண்டான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பில்லை. "ஏ அம்மா, இவரு என்ன கப்பலையே முழுங்கிட்டு வந்தவரா, இந்தக் கனம் கனக்கிறாரு!"

"கப்பல் ஓட்டினவர்" என்றாள் எர்மெலிந்தா. அழுதுகொண்டே சொன்னாள்.

புகைக்குள் நுழையாமல் வயலோரமாக இறங்கி, சேறு முழங்கால் வரை ஏற, அவர்கள் அவரைச் சுமந்தார்கள். டெல்ஃபினா உருளையைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு பக்கத்திலேயே ஓடினாள். குழாய் இழுபட்டால் முகமூடி நழுவும். ஒருவன் கால் வழுக்கிப் போர்வை ஒரு பக்கம் சாய்ந்தது. முகமூடிக்குள்ளிருந்து கேப்டன் ஏதோ முனகினார்.

"என்ன சொல்றாரு?" என்றான் சத்துர்நீனோ.

எர்மெலிந்தா குனிந்து கேட்டாள். "கவுத்துடாதீங்கடான்னு."

மறுபக்கம் குஸ்கோவுக்குப் போக வேண்டிய வண்டிகள் நீளமாக நின்றன. முதலில் நின்றது மக்காச்சோளம் ஏற்றிய ஒரு சின்ன லாரி. ஓட்டுநர் தலையைச் சொறிந்தான். "திரும்பிப் போனா வரிசையில என் இடம் போயிடுமே..."

"லாரியைத் திருப்புறியா, டயர்ல காத்தை இறக்கட்டுமா?" என்றான் சத்துர்நீனோ. லாரி திரும்பியது.

டெல்ஃபினா தன் வேனைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு திறந்தே கிடந்தது. சாவி எங்கே என்பதுகூட அவளுக்கு நினைவில்லை. சோளக் கதிர்களின் மேல் போர்வையோடு கேப்டனைச் சாய்த்து உட்கார வைத்து, மூவரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஃபொர்துனாதா கீழே நின்று கையைக்கூட ஆட்டவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "மரத்துக்கிட்ட போங்க, யாராவது நகத்திடப் போறான்" என்று விரட்டினாள்.

இறக்கம் தொடங்கியது. வளைவுக்குப் பின் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் லாரி ஒரு பக்கம் சாய, கதிர்கள் உருண்டன. பாதி வழியில் உருளையின் சீறல் மெலிந்தது, பிறகு நின்றது. டெல்ஃபினா அதை எர்மெலிந்தாவிடம் சொல்லாமல், முகமூடியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள். காலியான முகமூடி மூச்சை அடைக்கும் என்று உறைத்ததும், காற்றோட்டமாக இருக்கட்டும் என்று சொல்லி மெல்ல எடுத்துவிட்டாள். இரண்டு இழுப்புகளுக்கு நடுவே விழுந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் அவளும் மூச்சுவிட மறந்தாள். வாழ்நாளில் எத்தனையோ பேரிடம், 'இந்த இறக்கத்தைப் பாருங்க, எவ்வளவு அழகு' என்று சொல்லியிருக்கிறாள். ஒரு சாலை இவ்வளவு நீளமாக இருக்க முடியும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

கடைசி வளைவுகளில், கீழே ஆறு தெரிய ஆரம்பித்தபோது, கேப்டனின் கை நகர்ந்து மனைவியின் பாவாடையைப் பற்றியது. அது நல்லதா கெட்டதா என்று இருவருக்கும் தெரியவில்லை.

பள்ளத்தாக்கில் இருந்த மருத்துவமனையில் அவரை உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கதவு மூடியது. அந்தக் கதவுக்கு வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவர்கள் உடையெங்கும் சோளக் கதிரின் மெல்லிய நார் ஒட்டியிருந்தது. வெகுநேரம் கழித்து இளம் டாக்டர் ஒருத்தி வெளியே வந்தாள். "பிழைச்சுக்குவார். அங்கேயே இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருந்தா இதைச் சொல்லியிருக்க முடியாது" என்றாள்.

அவள் போன பிறகு எர்மெலிந்தா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "உனக்குக் காலையிலயே தெரியும்ல?"

ரயில், நுழைவுச் சீட்டு, மறியல், பிசாக் சாலை என்று சொல்ல டெல்ஃபினாவிடம் எத்தனையோ இருந்தன. "சந்தேகம் வந்துச்சும்மா. கறாரா நின்னிருக்கணும். நிக்கல."

எர்மெலிந்தா கைப்பைப் பித்தானைத் திறந்து மூடினாள். "ராத்திரி பூரா இருமினார். உக்காந்துக்கிட்டேதான் தூங்கினார். காலையில உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினார். நானும் சரின்னேன். எனக்கும் அந்த ரயில் வேணும்னு இருந்துச்சு. அதான்."

டெல்ஃபினா அவள் தோளில் ஒட்டியிருந்த சோளநாரை எடுத்துப் போட்டாள்.

மறியல் முடிந்ததும் டெல்ஃபினா மேலே போய் வேனைப் பார்த்தாள். சாலையோரமாகத் தள்ளி நிறுத்தி, கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். 'எங்களுக்கு டாக்டர் வேண்டும்' என்று எழுதிய தாள் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. சாவி இருக்கைக்கு அடியில் கிடந்தது. அந்தத் தாளை அவள் கிழிக்கவில்லை.

ஊர் திரும்ப விமானம் குஸ்கோவிலிருந்துதான். பிசாக் சாலை இன்னும் திறக்காததால் அதே மேட்டை மறுபடி கடந்தாக வேண்டும். உடம்பு தேறும் வரை பள்ளத்தாக்கிலேயே இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டாள். கேப்டன் கட்டிலில் சாய்ந்தபடி பல நாள் நர்ஸ்களோடு சண்டை போட்டார். ஒரு நாள் மனைவியைக் கூப்பிட்டு, "நீ போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

"நீங்க இல்லாம அந்தக் கல்லைப் பார்த்து நான் என்ன செய்ய?"

"கல்லு காத்திருக்கும், நம்ம வயசு காத்திருக்காது. போடி."

மறியலால் தவறிய சீட்டுகளை மாற்றிக் கொடுத்தார்கள். டெல்ஃபினாவும் எர்மெலிந்தாவும் ரயிலேறிப் போனார்கள். உலகமே தேடி வரும் அந்த இடத்தில், படிக்கட்டு வயல்களுக்கு மேலே ஒரு கல்லில், எர்மெலிந்தா அந்தப் பழைய நகரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து போனில் சிக்னல் தேடினாள். டெல்ஃபினா மன்னர்களின் கதையைத் தொடங்கவில்லை. அவளும் தன் போனை எடுத்து உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு கோடு கிடைத்து, மருத்துவமனைக்குப் பேசி, அவர் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார் என்று தெரிந்த பிறகுதான் எர்மெலிந்தா திரும்பி உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "நெஜமாவே இருக்கு" என்றாள்.

புறப்பட்ட நாளில் பெரிய ஆக்சிஜன் உருளையோடு வேன் மேடேறியது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும், கேப்டன் விரலில் மாட்டிய கருவியில் ஓடிய எண்ணை எர்மெலிந்தா கண் கொட்டாமல் பார்த்து வந்தாள். எண் இறங்கும்போதெல்லாம் "டெல்ஃபினா" என்பாள். டெல்ஃபினாவின் கால் தானாக வேகத்தைக் கூட்டும்.

ராக்சிபாம்பா வந்தது. "நிறுத்து" என்றார் கேப்டன் முகமூடியை இறக்கி. "அந்த அம்மாவுக்கும், என்னைத் தூக்கின பசங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"நிறுத்த மாட்டேன்."

"ஒரு நிமிஷம்தானே பொண்ணு!"

"உங்களுக்காக நான் வந்து சொல்லிக்கிறேன். முகமூடியை மேல ஏத்துங்க."

அவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுத்தார். கண்ணாடியில் அவள் கண்களைப் பார்த்தார். முகமூடியை மேலே ஏற்றிக்கொண்டு, மறியல் நடந்த இடத்தில் கருகிக் கிடந்த தார்ச்சாலையை மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

விமானம் கிளம்பிய பிறகும் டெல்ஃபினா விமான நிலையத்தை விட்டுப் போகவில்லை. அது கடற்கரையிலுள்ள லிமாவில் இறங்கும் வரை வேனுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். போனை முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எறங்கிட்டோம்" என்றாள் எர்மெலிந்தா. பின்னணியில் கேப்டன் யாரோடோ தள்ளுநாற்காலி வேண்டாம் என்று கத்திக்கொண்டிருந்தது கேட்டது. "கேக்குதா? மூச்சு வந்துடுச்சு."

டெல்ஃபினா போனை வைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். பிறகு மேட்டுநிலத்துக்குப் போகிற சாலையில் வண்டியைத் திருப்பினாள். கேப்டன் சொல்ல நினைத்ததைப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.